ஆரத்தித் தட்டில் கரைந்த தங்கம்

எவர்சில்வர் தாம்பாளத்தில் செக்கச்செவேலென்று நீர். அதன்மேல் ஒரு வெற்றிலை மிதந்தது. வெற்றிலை மேல் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. வாசலில் மாப்பிள்ளையும் பெண்ணும் மாலை வாடாமல் நின்றார்கள். மண்டபத்திலிருந்து அவர்களைக் கூட்டி வந்த கார் டிரைவர் முதல் பக்கத்து வீட்டு ஆடு வரை எல்லாரும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பூங்காவனம் அத்தை தட்டை மூன்று சுற்றுச் சுற்றினார். மோதிர விரலால் நீரைத் தொட்டு மாப்பிள்ளை நெற்றியில் ஒரு பொட்டு, பெண் நெற்றியில் ஒரு பொட்டு வைத்தார். பிறகு வழக்கப்படி அந்த நீரைக் கொட்டுவதற்காகத் தட்டோடு தெருப்பக்கம் நடந்தார்.

"ஊத்தாதீங்க அத்தை!"

கத்தியது மாப்பிள்ளையின் தங்கை தேன்மொழி. பட்டுப்புடவைக் கொசுவத்தை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கோலத்தை மிதித்துக்கொண்டு ஓடி வந்தாள். மேளக்காரர் அடிப்பதை நிறுத்திவிட்டார். பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"என்னம்மா இது? வந்த பொண்ணு இன்னும் படி ஏறல. அதுக்குள்ள இந்த வீட்ல சத்தமா?"

தேன்மொழி அவர் பக்கம் திரும்பவே இல்லை. அவள் கண் தட்டில் இருந்தது. அந்தத் தட்டில் இருந்தது மஞ்சளும் சுண்ணாம்பும் இல்லை. அவள் மூன்றரை வருடமாகப் பாடுபட்டுச் செய்த தங்கம். அதைத் தஞ்சாவூரிலிருந்து பஸ்ஸில் கொண்டுவந்தவன் நான்.

இப்போது அவள் டாக்டர் தேன்மொழி. ஆனாலும் 'அவர், இவர்' என்று எழுதினால் எனக்கே வேறு யாரையோ பற்றி எழுதுவது போலிருக்கிறது. அவளும் படித்துவிட்டுத் திட்டுவாள்.

திராவகம் தெரிந்தவன்

லாரி ஷெட் வேலையை விட்டுக் கிளம்பியதை இந்தத் தொடரில் சென்ற வாரம் சொன்னேன். கிளம்பி வந்த இடம் தஞ்சாவூர். பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது கையில் ஒரு பை. பையில் இரண்டு சட்டை. அதற்கு முன்பும் அப்படித்தான் பல ஊர்களில் இறங்கியிருக்கிறேன். ஒரு வேளை சாப்பிட்டு இரண்டு வேளை சும்மா இருப்பது அப்போது பழகிப்போயிருந்தது. அதில் சொல்ல ஒன்றும் இல்லை.

ஊருக்கு வெளியே ஒரு தனியார் பல்கலைக்கழகம். அங்கே ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிச் சாமான் கழுவ ஆள் தேடுவதாக டீக்கடையில் ஒருவர் சொன்னார். நான் படித்தது ஒன்பதாம் வகுப்பு, அதுவும் முழுசாக இல்லை. இருந்தாலும் போனேன்.

பேராசிரியர் கேட்டது ஒரே கேள்விதான். "ஆசிட் கையாண்டிருக்கியாப்பா?"

கையை விரித்துக் காட்டினேன். கோயம்புத்தூரில் ஒரு நகைப் பட்டறையில் இருந்த காலத்தில் திராவகம் தெறித்து விரல் நுனிகள் மஞ்சளாகியிருந்தன. தோல் உரிந்து உரிந்து புதிதாக வந்தாலும், ஒரு நகத்தின் ஓரத்தில் மட்டும் அந்த அடையாளம் போகவில்லை. அவர் பார்த்தார். "நாளையிலேர்ந்து வா" என்றார். என் வாழ்க்கையில் நான் காட்டிய சர்டிபிகேட் அது ஒன்றுதான்.

பட்டறையில் தங்கத்தைப் பிரிக்க வைத்திருந்த அதே ராஜ திராவகத்தை இங்கே பாத்திரம் கழுவ வைத்திருந்தார்கள். தங்கத்தைக் கரைக்கிற அந்தக் காட்டமான மஞ்சள் திரவத்தில் ஒவ்வொரு குடுவையையும் அலசி, பிறகு காய்ச்சி வடித்த நீரில் பல முறை கழுவ வேண்டும். முந்தின தடவையின் பொடி கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருந்தாலும் அடுத்த தடவை செய்கிற தங்கம் அதைப் பிடித்துக்கொண்டு கட்டிதட்டிவிடும். அப்புறம் அது எதற்கும் ஆகாது.

"மேடம், இது போதுமா?" என்று முதல் நாள், அங்கே பிஎச்.டி. செய்துகொண்டிருந்த பெண்ணிடம் ஒரு குடுவையைத் தூக்கிக் காட்டினேன்.

"மேடம் இல்லண்ணே, தேன்மொழி. போதாது. இன்னொரு தடவை கழுவுங்க" என்றாள்.

காப்பி டிகாக்‌ஷன் அல்ல

அவள் தங்கம் செய்வதை முதன்முதலாகப் பார்த்த நாள் நினைவிருக்கிறது. வெளியே அடைமழை. ஆய்வுக்கூடத்துக்குள் அடுப்புத் தட்டில் ஒரு குடுவைத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அதில் தங்க உப்பைக் கரைத்திருந்தாள். வெளிறிய எலுமிச்சை நிறம். கொதிக்கிற நேரம் பார்த்து, எலுமிச்சைப் புளிப்பிலிருந்து செய்கிற ஒரு உப்பின் கரைசலைச் சட்டென்று ஊற்றினாள்.

மஞ்சள் வெளுத்தது. தண்ணீர் போல ஆயிற்று. "அவ்வளவுதானா?" என்று நினைத்தேன். அதற்குள் சாம்பல் படர்ந்தது. பிறகு காப்பி டிகாக்ஷன் போலக் கறுத்தது. கறுப்பு மெதுவாக விலகி, உள்ளேயிருந்து சிவப்பு எழும்பி வந்தது. மாதுளம்பழச் சாறு போல ஒரு சிவப்பு.

"தங்கம் எங்கே போச்சு?" என்று கேட்டேன்.

"அதுதாண்ணே தங்கம். ரொம்பப் பொடிசா உடைஞ்சா தங்கம் செவப்பாத்தான் தெரியும்."

பட்டறையில் தரையைப் பெருக்கிய தூசியைக்கூட விடாமல் சலித்துத் தங்கம் எடுப்போம். அந்த முதலாளி இதைப் பார்த்திருந்தால் குடுவையை வாங்கிக் கீழே வைத்திருக்க மாட்டார்.

இந்தத் தங்கம் எதற்கு என்றால், எலிக்காய்ச்சலைக் கண்டுபிடிக்க.

டெல்டாவில் இதைத் தெரியாதவர் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் வயல் முழுக்கத் தண்ணீர் நிற்கும். எலி வளையெல்லாம் மூழ்கி, அதன் மூத்திரம் அந்தத் தண்ணீரில் கலக்கும். சேற்றில் நின்று வேலை செய்கிறவர்களின் பாத வெடிப்பு வழியாக அது உடம்புக்குள் போகும். முதலில் சாதாரணக் காய்ச்சல் போலத்தான் இருக்கும். மாத்திரை போட்டுக்கொண்டு மறுபடி வயலில் இறங்குவார்கள். பரிசோதனைக்கு ரத்தம் டவுனுக்குப் போய் முடிவு வருவதற்குள் சிலருக்குக் கண் மஞ்சளாகிவிடும், சிறுநீரகம் கெட்டுவிடும்.

தேன்மொழியின் அம்மாவும் அப்பாவும் மற்றவர் நிலத்தில் கூலிக்கு இறங்கியவர்கள். பிறகு குத்தகைக்கு எடுத்தார்கள். இப்போது கொஞ்சம் சொந்த நிலமும் இருக்கிறது. காலும் சேறும் அதே காலும் சேறும்தான். அவள் இந்தத் தலைப்பை எடுத்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

ரத்தத்தைச் சற்று நேரம் நிற்க வைத்தால் மேலே மஞ்சளாகத் தெளிகிற நீர்தான் சீரம். அந்தச் சீரத்தில் இந்தச் சிவப்பை ஒரு சொட்டு விட வேண்டும். எலிக்காய்ச்சல் இருந்தால் தங்கத் துகள்கள் ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டு கத்தரிப்பூ நிறமாக மாற வேண்டும். இல்லாவிட்டால் சிவப்பு சிவப்பாகவே நிற்க வேண்டும். கிராமத்துத் துணை சுகாதார நிலையத்தில் ஒரு நர்ஸ் கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம். திட்டம் அதுதான்.

டிபார்ட்மெண்டுக்கே காய்ச்சல்

முதலில் நோய் இல்லாதவர் ரத்தம் வேண்டியிருந்தது. கையை நீட்டினேன்.

தெளிந்த சீரத்தில் சொட்டு விழுந்ததும் கத்தரிப்பூ நிறம்.

தேன்மொழி குழாயைத் தூக்கிப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "அண்ணே, உங்களுக்கு எலிக்காய்ச்சல்."

"மத்தியானம் எட்டு பரோட்டா சாப்பிட்டேன். காய்ச்சல்காரன் அப்படிச் சாப்பிடுவானா?"

அவள் தன் ரத்தத்தை எடுத்துப் பார்த்தாள். கத்தரிப்பூ. பக்கத்து ஆய்வுக்கூடத்துப் பையன்கள் இரண்டு பேர் ரத்தம். அதுவும் கத்தரிப்பூ. கடைசியில் பேராசிரியரும் கை நீட்டினார். அவருக்கும் அதே நிறம்தான்.

"டிபார்ட்மெண்டே படுத்துடுச்சு போல" என்றார் அவர். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "இது டெஸ்ட் இல்லம்மா. வதந்தி" என்றார்.

அந்த வார்த்தை அவளைச் சுட்டுவிட்டது. இரண்டு நாள் பழைய நோட்டுகளைப் புரட்டிக்கொண்டே இருந்தாள்.

கோளாறு உப்பில் இருந்தது. வெறும் தங்கத் துகள்கள் நல்ல தண்ணீரில் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தனித்தனியாக மிதக்கும். உப்புத் தண்ணீர் பட்டால் அந்தத் தள்ளுகிற சக்தி போய்விடும். எல்லாம் ஒட்டிக்கொண்டு நீலமாகும், பிறகு கறுப்பாக அடியில் படியும். ரத்தத்தில் உப்பு இருக்கிறது. நோயாளி ரத்தத்திலும் இருக்கிறது, என் ரத்தத்திலும் இருக்கிறது. அதனால் யாரைக் காட்டினாலும் அது நோய் என்றது.

ஒவ்வொரு துகளுக்கும் ஒரு மேலுறை போட்டாக வேண்டும். அதற்குத்தான் பாலிமர்: நூல் போல நீளமான ஒரு மூலக்கூறு. அதன் ஒரு முனையில் கந்தகம் இருக்கும். தங்கத்தைக் கண்டால் அது விடாது. பாட்டிலைத் திறந்தால் கெட்டுப்போன முட்டை நாற்றம் லேசாக வரும். அந்த நாற்றம் அடித்த நாட்களில் பக்கத்து அறைக்காரர்கள் எங்கள் கதவைச் சாத்திவிட்டுப் போவார்கள்.

நெருக்கி நட்டால்

ஒரு வருடம் அந்த உறையோடு போராடினாள். முதலில் உறை போதவில்லை. உப்பு உள்ளே புகுந்துவிட்டது. கூடுதலாகப் போட்டாள். இப்போது உப்புக்கு அசையவே இல்லை. ஆனால் நோயாளியின் சீரத்துக்கும் அசையவில்லை. உறைக்குள் முக்காடு போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டது.

"மொதல்ல எல்லாருக்கும் நோய்னு சொன்னுச்சு. இப்ப யாருக்கும் இல்லங்குது" என்றாள். "இதுக்கு அது தேவலாம்."

பேராசிரியர் நல்லவர்தான். ஆனால் அவருக்கும் மேலே ஆள் உண்டு. தை முடிவதற்குள் உண்மையான நோயாளிகளின் சீரத்தில் இது சரியாக நிற்க வேண்டும், இல்லாவிட்டால் தலைப்பை மாற்றிக்கொள் என்று சொல்லிவிட்டார். தலைப்பை மாற்றினால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். வீட்டில் அதுவரை பொறுக்க மாட்டார்கள். அவளுக்கும் அண்ணனோடு சேர்த்துக் கல்யாணம் முடித்துவிடலாம் என்ற பேச்சு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது.

பொங்கலுக்கு முன்பு ஒரு நாள் கேண்டீனில் உட்கார்ந்து டீ ஆறிக்கொண்டிருக்கும்போது, மேஜையில் விரலால் கோடு போட்டுக்கொண்டே பேசினாள்.

"நாத்து நடறாப்பலதாண்ணே இது. வேர் முனை தங்கத்துல, நுனி தண்ணியில. தள்ளித் தள்ளி நட்டா களை புகுந்துடும். ரொம்ப நெருக்கி நட்டா காத்து புகாது. ரெண்டும் வேணும்னா குட்டை நாத்தை நெருக்கமா நட்டு, ஊடால ஊடால நெட்டை நாத்து நாலு வைக்கணும்."

"எந்த ஊர்ல அப்படி நடறாங்க?"

"எந்த ஊர்லயும் இல்ல. நான் நடப்போறேன்."

குட்டைப் பாலிமர் கூட்டமாக நின்று உப்பைத் தடுக்கும். அங்கங்கே தலை நீட்டுகிற நெட்டைப் பாலிமரின் நுனியில் நோயைப் பிடிக்கிற கொக்கி இருக்கும். அப்படி ஒரு தடவை செய்தாள். வெளிநாட்டிலிருந்து வந்த நெட்டைப் பாலிமர் அந்த ஒரு தடவையோடு தீர்ந்தது. மறுபடி வரவழைக்க மாதக்கணக்கில் ஆகும்.

சென்ட்ரிஃப்யூஜ் மிஷினில் வேகமாகச் சுற்றி எடுத்தபோது சின்ன பாட்டில் ஒன்று நிறைய வந்தது. நன்னாரி சர்பத் எசன்ஸ் போலக் கெட்டியான சிவப்பு. ஆய்வுக்கூடத்து உப்புக் கரைசலில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தாள். நின்றது. ஆய்வுக்கூடத்தில் நிற்பது ஒரு பெருமையா என்பதுதான் அவள் கேள்வி.

பூம்புகார்ப் பக்கத்தில் அவள் ஊருக்கு அருகே இருந்த ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர், நோயாளிகளிடம் சொல்லி ஒப்புதல் வாங்கி, மீந்த சீரத்தை எடுத்து வைத்திருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை வரச் சொன்னார். அதற்கு முதல் நாள் அவள் அண்ணனுக்குக் கல்யாணம். அவள் முன்னாலேயே ஊருக்குப் போய்விட்டாள்.

"நீங்க கல்யாணத்துக்கு வர்றப்ப பாட்டில எடுத்துட்டு வந்துடுங்கண்ணே" என்றாள்.

ஊருக்கு ஒரு தண்ணீர்

ஊர் சுற்றுகிறவனுக்கு ஊர் என்றால் முதலில் தண்ணீர்தான். பஸ்ஸிலிருந்து இறங்கியதும் குழாயைத் தேடுவேன். கும்பகோணத்தில் தண்ணீர் இனிக்கும். குத்தாலத்திலும் குறை சொல்ல முடியாது. மயிலாடுதுறை தாண்டிக் கிழக்கே போகப் போக நாக்கில் ஒரு கரிப்பு ஏறும். கடலை நெருங்கினால் போர்வெல் தண்ணீர் வாய் கொப்பளிக்க மட்டும்தான். சோப்பு நுரைக்காது. பருப்பு வேகாது.

கல்யாணத்தன்று விடியற்காலை தஞ்சாவூரில் பஸ் ஏறி, ஈரத்துணி சுற்றிய பாட்டிலை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். சம்பா அறுவடை பாதி முடிந்திருந்தது. ஒரு பக்கம் அறுப்பு மிஷின் ஓடியது; இன்னொரு பக்கம் உளுந்து முளைத்திருந்தது. பக்கத்து சீட்டுக்காரர் பாட்டிலைப் பார்த்துவிட்டு, "யாருக்குத் தம்பி ரத்தம்?" என்று கேட்டார். "எலிக்கு" என்றேன். அவர் ஒரு சாண் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

கல்யாண வீட்டில் தேன்மொழியின் அம்மாவிடம் கொடுத்தேன். "பாப்பா சொல்லிச்சு, குடுங்க தம்பி" என்று வாங்கி, ஃப்ரிட்ஜில் மாவுச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு நாங்கள் எல்லாரும் மண்டபத்துக்குப் போய்விட்டோம்.

வீட்டில் இருந்தது பூங்காவனம் அத்தை. தேன்மொழியின் அப்பாவுக்கு அக்கா. ஆரத்தி கரைத்து வைப்பது அவர் பொறுப்பு. மஞ்சள் இருந்தது, சுண்ணாம்பு இல்லை. சுண்ணாம்பு டப்பா வெற்றிலைத் தட்டோடு மண்டபத்துக்குப் போய்விட்டது. மண்டபத்திலிருந்து கார் கிளம்பிவிட்டதாகப் போன் வந்தது. எதையோ எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தவர் கண்ணில் சிவப்பு பாட்டில் பட்டது.

இப்போதெல்லாம் மருதாணி முதல் கோல அச்சு வரை எல்லாம் தயாராகவே வருகிறது. ஆரத்தியும் பாட்டிலில் வந்துவிட்டது என்று அத்தை நினைத்ததில் தப்பு சொல்ல முடியாது. தாம்பாளத்தில் போர் தண்ணீர் பிடித்து, பாட்டிலைக் கவிழ்த்தார். பாதிக்கு மேல் விட்டதும் தட்டு முழுக்கச் சிவந்துவிட்டது. சிக்கனக்காரர். மிச்சத்தை மூடி வைத்துவிட்டு வெற்றிலையைத் தேடப் போனார்.

கொட்டக் கூடாது, உள்ளேயும் கூடாது

வாசலில் தேன்மொழி கத்தியதும் முதலில் எனக்கு விளங்கவில்லை. அவள் என் பக்கம் திரும்பி, "அண்ணே, அது நம்ம பாட்டில்" என்றாள். உள்ளே ஓடிப்போய்ப் பார்த்தேன். பாட்டிலில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தது. திரும்பி வந்து விரலால் அளவு காட்டினேன்.

"அது போதும்" என்றாள். "ஆனா பாருங்க, செவப்பாவே இருக்கு. எங்க வீட்டு போர் தண்ணிண்ணே அது. பழைய சரக்கா இருந்தா அத்தை கற்பூரம் ஏத்தறதுக்குள்ள நீலமாயிருக்கும்."

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. இதைச் சாயங்காலம் வரை பார்த்தாக வேண்டும். சிவப்பு நின்றால் நாளைக்குச் சுகாதார நிலையத்துக்குத் தைரியமாகப் போகலாம். மாறினால் போவதில் பொருளே இல்லை.

"அத்தை, அதை உள்ள கொண்டாங்க" என்றாள்.

பூங்காவனம் அத்தைக்கு வந்த கோபத்தில் காதுத் தோடு ஆடியது. "ஏண்டி, படிச்ச புத்தி எங்கடி போச்சு? சுத்தின ஆரத்திய வீட்டுக்குள்ள கொண்டாறதா? ஊர்க் கண்ணு பூரா இதுல இருக்கு. உள்ள வந்தா அத்தனையும் உங்க அண்ணன் தலையிலதான் எறங்கும்."

பெண் வீட்டுக்காரர்கள் முணுமுணுத்தார்கள். புதுப்பெண் தலையைக் குனிந்துகொண்டு மாலையிலிருந்து பூவைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். தேன்மொழியின் அம்மா மகளின் இடுப்பில் கிள்ளினார், நான் பார்த்தேன். தேன்மொழியும் விடுவதாக இல்லை. அத்தை தட்டைச் சாய்க்கிறார், இவள் விளிம்பைப் பிடிக்கிறாள்.

நான் நடுவில் போனேன்.

"என்கிட்ட குடுங்க அத்தை. நான் கொண்டுபோய் ஊத்திட்டு வரேன்."

"நீ யாருப்பா?"

"யாரும் இல்ல. எனக்கு வீடும் இல்ல, வாசலும் இல்ல. கண்ணு என் தலையில எறங்கினாலும் தங்க எடம் இல்லாம அதுவா போயிடும்."

யாரோ சிரித்தார்கள். அத்தையும் சிரிப்பை அடக்கிக்கொண்டு தட்டை என் கையில் வைத்தார். "முச்சந்தியில ஊத்து. திரும்பிப் பாக்காம வா."

மேளம் மறுபடி தொடங்கியது. பெண் வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனாள்.

காவல்

முச்சந்தியில் ஒரு புங்க மரமும் பம்புசெட் கொட்டகையும் இருந்தன. கொட்டகை நிழலில் தட்டை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். வெற்றிலையை எடுத்துப் போட்டேன். காக்கையை விரட்டினேன். ஒரு கோழி இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

கல்யாண வீட்டிலிருந்து சாம்பார் வாசனை வந்துகொண்டே இருந்தது. வடை பொரிகிற சத்தம்கூடக் கேட்டது. பசியோடு உட்கார்ந்திருப்பது எனக்குப் புதிதில்லை. ஆனால் ஒரு தட்டுத் தண்ணீருக்குக் காவலாக உட்கார்ந்தது அதுவே முதல் தடவை.

நடுநடுவே தேன்மொழி ஓடி வருவாள். குனிந்து பார்ப்பாள். "செவப்புத்தான?" என்பாள். "செவப்புத்தான்" என்பேன். ஓடிவிடுவாள்.

வெயில் சாய்ந்த பிறகு பூங்காவனம் அத்தையே வாழை இலையில் சாப்பாடு கட்டி எடுத்துக்கொண்டு வந்தார். தட்டைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"இன்னும் ஊத்தலயா நீ?"

மறைப்பதில் பயனில்லை என்று எல்லாவற்றையும் சொன்னேன். எலிக்காய்ச்சல், உப்பு, பாட்டில், நாளைக்குப் போக வேண்டியது எல்லாம். அத்தை எலிக்காய்ச்சலைக் கேட்டபோது தலையாட்டினார். உப்பைக் கேட்டபோதும் தலையாட்டினார். தங்கம் என்றதும் தலையாட்டல் நின்றது.

"என்னது?"

"தங்கம் அத்தை. பொடி பண்ணின தங்கம்."

"தங்கத்தையா நான் ஆரத்தியா கரைச்சேன்?" வாயில் கை வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் தட்டையே பார்த்தார். பிறகு அவர் முகம் மெல்ல மாறியது. "இந்தச் சுத்துப்பட்டுல எவளாவது தங்கத்துல ஆரத்தி எடுத்துருக்காளா? எந்தம்பி மகனுக்கு நான் எடுத்துருக்கேன்."

அப்போது தேன்மொழியும் வந்து சேர்ந்தாள். புடவையை மாற்றிச் சுடிதார் போட்டிருந்தாள். தட்டைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். அடியில் கறுப்பு இல்லை. ஓரத்தில் நீலம் இல்லை. காலையில் பார்த்த அதே சிவப்பு.

"இப்ப ஊத்துங்க அத்தை" என்றாள்.

அத்தை புங்க மரத்தடியில் ஊற்றினார். மூன்று பேரும் திரும்பிப் பார்க்காமல் நடந்தோம்.

டாக்டரின் முகம்

வெள்ளிக்கிழமை காலை சுகாதார நிலையத்தில் கூட்டம் இல்லை. டாக்டர் இளைஞர்; தூக்கம் போதாத கண்கள். சீரக் குழாய்களைத் தாங்கியோடு மேஜையில் வைத்தார். எது நோயாளியுடையது, எது இல்லாதவருடையது என்பது டவுனில் செய்த பரிசோதனையின்படி அவருக்குத் தெரியும். எங்களுக்குத் தெரியாது.

"என் மூஞ்சியப் பாக்காதீங்க. கொழாயப் பாருங்க" என்றார்.

வரும்போது பஸ்ஸில் தேன்மொழி ஒரே ஒரு வார்த்தைதான் பேசியிருந்தாள். நேற்று அது மாறாமல் நின்றதில் அவளுக்குத் திருப்தி. ஆனால் மாற வேண்டிய இடத்தில் மாறுமா? இன்னமும் முக்காட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தால்? அதைத்தான் "மாறணும்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஒவ்வொரு குழாயிலும் சொட்டு விட்டாள். விட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஒரு டீ குடிக்கிற நேரம் ஆக வேண்டும். டீயும் வந்தது. யாரும் தொடவில்லை.

எல்லாம் சிவப்பு.

டாக்டர் ஜன்னலைப் பார்த்தார். தேன்மொழி மட்டும் அசையாமல் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, அந்த வெள்ளைப் பேப்பர் குடுங்க."

குழாய்களுக்குப் பின்னால் பிடித்தாள். இரண்டாவது குழாயின் சிவப்பில் லேசாக ஒரு கருக்கல் விழுந்திருந்தது. பார்க்கப் பார்க்க அது நாவல்பழம் கடித்த நாக்கு போல ஆயிற்று. அதற்கப்புறம் கடைசிக்கு முந்தினது. அப்புறம் நாலாவது. மற்றவை இருந்தபடியே இருந்தன. இன்னொரு டீ நேரமும் காத்திருந்தோம். அவை அசையவில்லை.

"ரெண்டு, நாலு, கடைசிக்கு முந்தினது" என்றாள் தேன்மொழி. "இந்த மூணு பேருக்கும் இருக்கு சார். மத்தவங்களுக்கு இல்ல."

டாக்டர் ஆறிப்போன டீயை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். டம்ளரை வைத்தார்.

"நாலாவது ஆள் ஐசியூ வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்தாரு. ரிசல்ட் வர்றதுக்குள்ள ரொம்ப முத்திடுச்சு. இது அன்னிக்கு என் கையில இருந்திருந்தா…" அவர் குழாய்களைத் திரும்பிப் பார்த்தார். "மூணும் சரி. மத்ததும் சரி."

தேன்மொழி நாற்காலியில் உட்கார்ந்தாள். முகத்தைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள். பிறகு உடனே எழுந்து, குழாய்களைப் போட்டோ எடுக்கத் தொடங்கிவிட்டாள். பேராசிரியருக்கு அனுப்ப வேண்டும் இல்லையா.

"இன்னும் நெறைய பேர் சீரத்துல பாக்கணும் சார். இது ஆரம்பம்தான்" என்றாள்.

"பாருங்க. காய்ச்சல்னு வர்றவங்ககிட்ட எல்லாம் கேட்டு எடுத்து வைக்கிறேன். ஒண்ணு சொல்லுங்க, எங்க சப்-சென்டர் எதுலயும் ஃப்ரிட்ஜ் கெடையாது. வெளியில வச்சா எத்தனை நாள் தாங்கும்?"

"தெரியாது சார். வெயில்ல, காத்துல, பஸ்ல, யாராவது தூக்கிக்கிட்டு அலைஞ்சு பாத்தாத்தான் தெரியும்."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள்.

பாட்டிலில் மிச்சமிருந்ததில் கொஞ்சத்தை ஒரு சின்னக் குப்பியில் ஊற்றி இறுக்க மூடி என்னிடம் கொடுத்தாள் தேன்மொழி. ஈரத்துணி வேண்டாம், நிழல் வேண்டாம், தினம் ஒரு தடவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் போதும் என்றாள். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். தெற்கே போகிற முதல் பஸ்ஸில் ஏறி, வெயில் விழுகிற பக்கமாகப் பார்த்து உட்கார்ந்தேன்.

"எங்க?" என்றார் கண்டக்டர்.

எனக்குத் தெரிந்து வெயிலும் உப்பும் ஒன்றாக அடிக்கிற ஊர் ஒன்று இருந்தது.

"வேதாரண்யம் போகணும். எங்க மாறணும்னு சொல்லுங்க."